நனைந்த விரிப்பு

விக்கிரமங்கலத்தில் களை பறித்துக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் அப்படியே சேற்றில் சாய்ந்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. புருஷன் அய்யம்பெருமாள் மாட்டுவண்டியில் போட்டு டவுன் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்று அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. பேச்சுதான் போய்விட்டது. எதைச் சொல்ல நினைத்தாலும் நாக்கில் வந்தது ஒரே சொல்: "சரி."

"கஞ்சி போதுமா?" என்று நர்ஸ் கேட்பாள். பசியோடு கிடப்பவள் "சரி" என்பாள். கிண்ணம் போய்விடும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துப் புரட்டுவார்கள். தோள் கழன்றுவிடும்போல வலிக்கும். "சரி, சரி" என்று கத்துவாள்.

"இவளுக்கு ஒண்ணும் வெளங்காது, மரக்கட்ட" என்று அவள் தலைக்கு மேலேயே நர்ஸ் ஆயாவிடம் சொன்னாள். மூத்திரத்தில் நனைந்த விரிப்பைப் பகல் முழுக்க மாற்றவில்லை. "யுத்த காலம். துணிக்கு எங்க போறது?" என்றாள் நர்ஸ்.

நடவு வயலில் ஒரு கும்பலையே குரலால் நடத்தியவள் கொளஞ்சி. ஆத்திரத்தில் இடக்கையால் ஈர விரிப்பைப் பற்றி இழுத்தாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். "நல்லா கவனிக்கிறாங்களாம்மா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "சரி" என்றுதான் வந்தது. டாக்டர் நகர்ந்தார். இடக்கையால் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்ததும் அவர் கையைப் பற்றி ஈர விரிப்பில் வைத்து அழுத்தினாள். விடவில்லை.

டாக்டர் அவளைப் புரட்டிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

"ஆயா மாத்தலீங்க சார்."

ஆயா தலைகுனிந்தாள். கொளஞ்சிக்குக் கோபம் இன்னும் ஏறியது. டாக்டரின் கையை விட்டுவிட்டு நர்ஸை நோக்கி விரலை நீட்டினாள். டாக்டர் விரலைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். எதிர்வரிசைக் கட்டிலுக்குப் போனார்.

அன்றிலிருந்து அவள் விரிப்பு மட்டும் மாறியது. "வாய் போயும் திமிரு போவல" என்றாள் நர்ஸ்.

பக்கத்துக் கட்டிலில் இருசம்மாள். அவளுக்கும் வாதம்தான், ஒரு சொல்கூட வராது. நனைந்தபடி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். கொளஞ்சி இரும்புக் கட்டிலை ஓங்கி அறைந்தாள்.

"என்னடி?" என்றாள் நர்ஸ். கொளஞ்சி பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். நர்ஸ் கண்டுகொள்ளாமல் போனாள். கொளஞ்சி மறுபடி கட்டிலை அறைந்தாள். உள்ளங்கை சிவந்தது. வார்டில் கிடந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

கடைசியில் ஆயாதான் உலர்ந்த விரிப்போடு வந்தாள்.

"மாத்துறேன், இரு" என்று சொல்லிவிட்டு இருசம்மாளின் தோளுக்கடியில் மெல்லக் கையைக் கொடுத்தாள்.