ஒட்டுப் போடாத யானை

அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவருக்கு ‘உப்பு’ என்று பெயர். இருபது வருஷமாக உப்பில்லாமல் சமைத்துப் போட்டதற்குக் கிடைத்த பட்டம். குழந்தைகள் வார்டுக்கு ஜெல்லி செய்வதும் அவர் வேலைதான். கார், மீன், நட்சத்திரம் என்று விதவிதமான அச்சுகள் உண்டு. எந்தக் கட்டிலுக்கு எது என்று ஆயாம்மா முந்தின நாள் சாயங்காலமே சீட்டுக் கொடுத்துவிடுவாள். அவர் மாடி ஏறியதே இல்லை. பிள்ளைகளைக் கட்டில் எண்ணாகத்தான் தெரியும்.

ஒன்பதாம் கட்டில் யானை கேட்டது. ஏழு வயதுப் பெண். வாயெல்லாம் புண், ஜெல்லியைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன அச்சிலோ தும்பிக்கை சுண்டுவிரல் கனம்கூடக் கிடையாது. கவிழ்த்தால் முறிந்துவிடும். முதல் நாள் அப்படியே அனுப்பினார்.

“இது யானையா, பன்னியான்னு கேக்குதுண்ணே பாப்பா,” என்றாள் ஆயாம்மா.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் உடைந்த தும்பிக்கையைச் சர்க்கரைப் பாகு தொட்டு ஒட்டி அனுப்பினார். பாதி தின்ற தட்டு திரும்பி வந்தது.

“ஒட்டுப் போட்டதுன்னா அதுக்கும் ஒடம்பு சரியில்லையாம். வேணாங்குது.”

அதற்கப்புறம் உப்புக்கு வேறு நினைப்பே இல்லை. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார், அச்சில் எண்ணெய் தடவிப் பார்த்தார். எட்டு நாளில் எட்டு யானை மூக்கறுபட்டது. எட்டு நாளும் அவளும் பாதியோடு நிறுத்திக்கொண்டாள்.

“நாளைக்கு முழுசா வரலைன்னா கரண்டியைக் கீழ வச்சிடறேன்னு சொல்லு போ!” என்றார் கடைசியில்.

“முழுசா வந்தா முழுசா சாப்பிடுறேன்னு சொல்லுது,” என்று பதில் வந்தது.

மறுநாள் காலை, வெந்நீரில் நனைத்த துணியைத் தும்பிக்கைப் பக்கம் மட்டும் சுற்றிப் பத்து எண்ணினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தார். தும்பிக்கை தூக்கியபடி யானை தட்டில் நின்றது. இன்றைக்குத் தானே மேலே கொண்டுபோவது என்று ஏப்ரனைக்கூட மாற்றிக்கொண்டார்.

ஆயாம்மா தள்ளுவண்டியோடு வந்தாள். தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஒன்பதுக்கு வேணாம்ணே.”

“ஏன், மறுபடி கோவமா?”

“விடியக்காலையில செத்துப்போச்சுண்ணே.”

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். யார்மேல் என்று தெரியவில்லை. அச்சைத் தூக்கி எறிந்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, முகம் பார்த்திராத பிள்ளைக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். தட்டை எடுத்து வைக்க மட்டும் மனசு வரவில்லை.

பத்து மணிவாக்கில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் துணிமணிப் பை.

“நான் ஒன்பதாம் கட்டில் பாப்பாவோட அம்மா. இன்னிக்கு முழுசா வரும்னு சொல்லி அனுப்பினீங்களாமே.”

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“தும்பிக்கை நல்லா வந்திருக்குண்ணா,” என்றாள். “கால்லேர்ந்துதான் ஆரம்பிப்பா. இல்லைன்னா ஓடிருமாம்.”

ஸ்பூனை எடுத்துக் கால்களிலிருந்து ஆரம்பித்தாள்.

“எதுக்கும்மா இப்போ?” என்றார் அவர் தாங்காமல்.

“முழுசா சாப்பிடுறேன்னு உங்ககிட்ட சொன்னாளே.”

கால், வயிறு, காது எல்லாம் போயிற்று. தும்பிக்கையை மட்டும் அவள் உடைக்கவில்லை. முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, விழுங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.