செம்பில் ஆறிய காரம்

...மேலே தூக்கி வைத்தேனா, இல்லை, வைக்க வேண்டும் என்று நினைத்ததோடு சரியா? செம்பின் சூடு இன்னும் விரலில் இருக்கிறது, எங்கே வைத்தேன் என்பதுதான் இல்லை. கோமதியம்மன் முன்னால் கை கூப்பிக் கண்ணை மூடும்போதுதானா இது வர வேண்டும், தாயே என்று சொல்ல வேண்டிய வாயில் காரம், காரம் என்றே வந்தது. காஸ்டிக் காரக் கட்டியைத் தண்ணீரில் கரைத்தால் அடுப்பில்லாமலே கொதிக்கும், ஆறின பிறகுதான் தேங்காயெண்ணெயில் ஊற்றிச் சவுக்காரத்துக்குக் கிண்ட வேண்டும், அதற்காக ஆற வைத்தேன், ஆனால் எந்தப் புத்திகெட்டவள் குடிக்கிற செம்பில் ஆற வைப்பாள்? எங்கள் அம்மா துணி வெளுக்கச் சாம்பல் தண்ணீரைத் தெளிய வைத்தது செம்பில்தான், அந்தப் பழக்கம்... ஆனால் இது சாம்பல் தண்ணீர் இல்லையே. “யக்கா, சாயம் போடுதவங்க வாங்குத சரக்கு இது, தொண்டையில பட்டா வெந்துரும், பாத்துக்கிடுங்க” என்று கடைக்கார முகம்மது மைதீன் இரண்டு தரம் சொன்னாரே. ஆறிவிட்டால் தண்ணீர் மாதிரியே இருக்கும், பாவி.

உச்சிகாலப் பூசை முடிந்துவிட்டது. கோயில் ஆபீசிலிருந்து என் வீட்டுக்காரர் இப்போது உள்ளே நுழைந்திருப்பார், சட்டையைக் கழற்றுமுன் செம்பைத்தான் தேடுவார், அண்ணாந்து, மடமடவென்று... வாய் வைத்துக் குடிக்கிற மனுஷனாயிருந்தால் உதடு சுட்டதுமே துப்பிவிடுவார், இவருக்கோ ஆசாரம், செம்பில் எச்சில் படக்கூடாது, நேரே தொண்டையில்தான் விழும். ஓடு, பிரம்மநாயகி, ஓடு. காலையில் பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி நிற்கும்போதே கத்தினாரே, “சோப்பு வாங்க வக்கில்லாத வீடுன்னு ஊருக்குக் காட்டுதியாட்டி?” என்று. அப்படியே வெறுங்கையோடு கோயிலுக்கு இறங்கிவிட்டேன். செம்பைத் தொட்டது அதற்கு முன்னாலா, பின்னாலா? தேரடி வந்துவிட்டது, பூக்கார முருகம்மாள் யக்கா என்கிறாள், என்ன வெயில், என்ன வெயில்...

கதவு திறந்து கிடந்தது. நாற்காலியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

“தண்ணி குடிச்சியளா?”

“பானையில மோந்து குடிச்சேன். செம்ப எங்கன கொண்டு வச்ச?”

அடுக்களைக்குள் பாய்ந்தேன். பரணில் இருந்தது செம்பு, மேலே தட்டு, தட்டின்மேல் ஒரு கல். நானேதான் வைத்திருக்கிறேன், எவ்வளவு பத்திரமாக! சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

“ஏட்டி, இம்புட்டுப் பூ எதுக்கு?”

கையைப் பார்த்தேன். நாலு முழம் மல்லிகை, நடுநடுவே மரிக்கொழுந்து. மரிக்கொழுந்து வைத்துக் கட்டு என்று நான்தான் சொன்னேன், நெருக்கமாகக் கட்டு என்றும் சொன்னேன், முருகம்மாள் கட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். எப்போது? போகும் வழியிலாகத்தான் இருக்கும்... ஆனால் அம்மன் முன்னால் கூப்பிய கையில் பூ இல்லையே. அப்படியென்றால், திரும்பி வரும்போதுதான் நின்றிருக்கிறேன்.