பீலித் தண்ணிக் கேன்

கொழுந்து பறிக்கையில் காலில் ஏறுகிற அட்டைக்கு எனக்குப் பயமில்லை. குளவி கலைந்து மலை முழுக்கப் பறந்த நாளில்கூட கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு செடிக்கடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள் நான். ஆனால் கடல் என்றால் பயம். இத்தனைக்கும் முப்பத்தாறு வயதுவரை நான் கடலைப் பார்த்ததே இல்லை. றொசல்லைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பார்த்தவர்களே நாலைந்து பேர்தான்.

திருகோணமலைப் பயணத்தைக் கிளப்பிவிட்டது என் மகள் மெரினா. ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் கடலை வரையச் சொன்னார்களாம். இவள் நீலமாய்த் தண்ணீரை வரைந்து, அந்தப் பக்கக் கரையில் தேயிலையும் வரைந்து வைத்திருக்கிறாள். கடலுக்கு அக்கரை தெரியாது என்று டீச்சர் சொல்ல, பிள்ளைகள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு வந்து அழுதவள்தான், லீவு விடும்வரை ஓயவில்லை.

"ஒரு வாட்டி காட்டிட்டு வந்துருவோம் ராசம்மா" என்றார் என் வீட்டுக்காரர் அந்தோனிமுத்து. தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்கிறவர். மகள் அழுதால் அவருக்குப் பொறுக்காது.

"ஹோட்டல் கீட்டல்னு எறங்குனீங்கன்னா நான் வரல" என்று அப்போதே சொல்லிவிட்டேன். எங்கள் மாதா கோயில் ஃபாதரிடம் கடிதம் வாங்கி, அங்கே ஒரு கோயில் மண்டபத்தில் இரண்டு நாள் படுக்க இடம் பிடித்தோம். ரொட்டி, கட்டுச்சம்பல், புளிச்சோறு எல்லாம் கட்டினேன். போத்தல் தண்ணீர் வாங்கிக் குடிக்க நமக்குக் கட்டுமா? மலைத்தண்ணீர் விழுகிற லயத்துப் பீலியில் ஐந்து லீட்டர் கேன் ஒன்றை நிரப்பி மெரினா கையில் கொடுத்தேன். தண்ணீர் தீர்ந்தால் மண்டபத்துக் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுக் காளியாயி வாசலில் நின்று, "சுனாமியில அம்புட்டுச் சனத்த வாரிக்கிட்டுப் போன தண்ணிடி. ஒத்தப் புள்ளைய வச்சிக்கிட்டு அங்க போறியா?" என்றாள். புறப்படுகிற நேரத்தில் சொல்கிற பேச்சா அது? வாய் வரை வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டேன். ஆனால் அவள் சொன்னது ஹட்டன் வரை நெஞ்சிலேயே நின்றது.

கண்டி பஸ் ஸ்டாண்டில் மெரினா அந்தக் கேனைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் இறங்கி ஓடி எடுத்து வந்தேன். வந்த கோபத்தில் அத்தனை பேர் முன்னாலும் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"கேன தொலச்சேன்னா வீட்டுக்கு வராத. அங்கேயே கெட. மூடியும் பத்திரம், சொல்லிட்டேன்."

"ஒரு கேனுக்குப் போயி புள்ளைய இந்த ஏச்சு ஏசுறியே" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். மெரினா கேனை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். திருகோணமலை வரை கையை எடுக்கவில்லை.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒவ்வொன்றாய் அள்ளி ஊற்றிக்கொண்டோம். ஏழு கிணற்றிலும் ஏழு சூடு. கோட்டைக்குள் மான்கள் ஆடு மாதிரி பக்கத்தில் வந்து நின்றன. மெரினா ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். கோணேசர் மலையின் மேலிருந்து கடலைக் காட்டினார் அவர். "அக்கரையே இல்லப்பா!" என்று கத்தினாள் மகள். நான் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையில் நிலாவெளிப் பக்கம் போனோம். படகில் தீவுக்குப் போகலாம் என்று ஒருவர் கூப்பிட்டார். நாங்கள் கேட்காத மாதிரி நடந்தோம். குடை, நாற்காலி போட்டிருந்த கரையையும் தாண்டி, ஆளே இல்லாத இடம் வரை நடந்தோம். அங்கே எதற்கும் காசு இல்லை. தூரத்தில் நாலைந்து பேர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அலை அடித்த அடியில் நான் இரண்டு எட்டுப் பின்னால் வந்தேன். இப்படி ஒரு சத்தமா? அவர் முழங்கால் தண்ணீரோடு நின்றுவிட்டார். மெரினா கேனைத் தூக்கிக்கொண்டு அலை ஓரத்தில் குதித்தாள். கேன் அப்போது காலி. கடல் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம்.

நான் கரை நெடுகப் பார்த்தேன். எல்லா இடத்திலும் வெள்ளையாய் நுரை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், பத்தடி அகலத்துக்கு, அலையே இல்லை. தண்ணீர் கரும்பச்சையாய், சத்தமில்லாமல் கிடந்தது.

எங்கள் ஆற்றில் சத்தம் போடுகிற இடம்தான் ஆளை அடிக்கும். நுரைக்கிற இடத்தில் பாறை இருக்கும், கால் வழுக்கும். சத்தமில்லாத இடம் பார்த்துத்தான் பிள்ளைகளைக் குளிக்க இறக்குவோம். பிறந்ததிலிருந்து அதுதான் எனக்குத் தெரியும்.

"அந்த நொரைக்குள்ள போகாதடி. இங்கிட்டு வா. பாரு, எம்புட்டு அமைதியா இருக்கு. இங்க அள்ளு."

நான்தான் கூப்பிட்டேன். நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் இறக்கினேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று மூடியைத் திருகக் கை வைத்தாள். அப்படியே நகர ஆரம்பித்தாள். அவள் நடக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். "அம்மா, கால் எட்டல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்த தடவை கண்ணை இமைத்தபோது அவள் அலைகளுக்கு நடுவில் இருந்தாள்.

ஐயோ, என் பிள்ளை!

அவர் பாய்ந்தார். கழுத்தளவு போனதும் அவரையும் இழுத்தது. அவருக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது, மலையில் யாருக்குத்தான் தெரியும்? நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். எழுந்து பார்த்தால் தலையும் கேனும் மட்டும் தெரிந்தன. கேனை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தாள். காற்று அந்தக் கேனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஆற்றில் குடம் போனால் குடத்தை விட்டுவிடு, குடத்தைப் பிடித்தவள் குடத்தோடு போவாள். அதுதான் மண்டையில் ஓடியது. இந்த மலையில் நின்று அந்த மலையில் கொழுந்து பறிக்கிறவளைக் கூப்பிடுகிற தொண்டை எனக்கு. அந்தத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"கேன விடுடி! கேன விட்டுட்டு ரெண்டு கையாலயும் அடிச்சு வாடி! விடுடி கேன!"

அவள் விடவில்லை. இன்னும் சின்னதாய்ப் போனாள். நான் மாதாவைக் கூப்பிட்டேனா, காளியாயியின் அம்மனைக் கூப்பிட்டேனா, நினைவில்லை. கடைசியில் கேனின் மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் ஓர் அலைக்குப் பின்னால் மறைந்தது. அப்போது என் உடம்பில் உயிர் இல்லை. பொய் சொல்லவில்லை, அந்த நேரம் நான் செத்துவிட்டேன்.

என் சத்தம் கேட்டு வலைக்காரர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இரண்டு பேர் படகைத் தள்ளி ஏறினார்கள். எஞ்சின் இரண்டு தடவை பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை பிடித்தது. என் வீட்டுக்காரர் மணலில் முழங்காலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். நான் கடலுக்கு முகத்தைக் காட்டவே பயந்து முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டேன்.

படகு திரும்பி வந்து மணலில் உரசியபோது, "பிள்ளைக்கு ஒண்டுமில்லை, கண்ணைத் திறவுங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. வயதான வலைக்காரர் மெரினாவைத் தூக்கி இறக்கினார். உதடு நீலம். பல் கிடுகிடுவென்று அடித்தது. கேனிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"ஆரு இந்த இடத்தில பிள்ளையை இறக்கினது?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

"நான்தாங்க" என்றேன். "அமைதியா இருந்துச்சுங்க."

"சத்தம் போடுற அலை ஆளைக் கரைக்குத் தள்ளுமம்மா. சத்தமில்லாத இந்த வாய்க்கால்தான் வெளியில இழுக்கிறது. வந்த தண்ணியெல்லாம் இதாலதான் திரும்பிப் போகும்." பிறகு கேனைத் தட்டிக் காட்டினார். "இது வெறுங்கேன், மூடியும் இறுக்கி இருந்தது, அதாலதான் பிள்ளையோட மிதந்தது. இதை விட்டிருந்தா உங்கட பிள்ளை இல்லை."

வலைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கத்தியதை அவரும் கேட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் காட்டி, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு அன்றைக்கே பஸ் ஏறினோம். வழி முழுக்க எனக்கு ஒரே பயம்தான். நான் கத்தியது அவள் காதில் விழுந்திருக்குமா? அலைச் சத்தத்தில் கேட்டிருக்காது, காற்று அந்தப் பக்கம் கொண்டு போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கினிகத்தேனை தாண்டிப் பனி இறங்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அம்மா கத்துனது கேட்டுச்சாடி?"

"கேட்டுச்சு."

"என்னன்னு?"

"கேன விடுன்னு. நல்லாக் கேட்டுச்சும்மா."

"பெறகு ஏன் சாமி விடல?"

மெரினா கேனை இன்னும் கொஞ்சம் மடிக்குள் இழுத்துக்கொண்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். கிள்ளு விழுமோ என்று பார்க்கிற பார்வை அது. எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"இப்ப விடச் சொல்லுவீங்க. கரைக்கு வந்த பெறகு கேன் எங்கடின்னு ஏசுவீங்க. கேன் இல்லாம வீட்டுக்கு வராதன்னு சொன்னீங்கதானே. எனக்கு வீட்டுக்கு வரணும்மா. அதான் விடல."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவள் தொடையில் கை வைத்தேன். கிள்ளிய இடம் இன்னும் கன்றித்தான் இருந்தது. கை பட்டதும் அவள் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"மூடியும் இருக்கும்மா" என்று அவசர அவசரமாய்ச் சொல்லி, திருகிக் காட்டினாள்.