முகம் சுளிக்காதவள்

நாத்தனார் கடைசிக் குப்பியைத் திறந்து மூக்கருகே நீட்டியபோதும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பல நாட்டுக்காரர்களுக்கும் பல வயதினருக்கும் ஒரே வாசனைகளை முகரக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி அது. நாத்தனாருக்கு அங்கேதான் வேலை. ஆள் போதவில்லை என்று அண்ணனையும் அண்ணியையும் கூட்டி வந்திருந்தாள். மற்ற குப்பிகளுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்வார்களாம்; இதற்கு மட்டும் எந்தத் தேசத்தவரும், குழந்தையோ கிழமோ, முகம் சுளிப்பார்களாம். பக்கத்தில் கணவன் அவசரமாகக் கைக்குட்டையைத் தேடினான். அவள் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகரும் சக்தி பிறவியிலேயே இல்லாமல் இருந்திருக்கும் என்றாள் நாத்தனார். வாசனை என்று மற்றவர்கள் சொல்வதெல்லாம் கொஞ்சம் மிகைப்படுத்தல் என்றுதான் அவள் இத்தனை வயதுவரை நினைத்திருந்தாள். பூவை முகர்ந்து யாராவது கண்ணை மூடினால் தானும் மூடிக்கொள்வாள்.

திரும்பும்போது பேருந்தில் கணவன் சிரித்தான்.

"அப்பாவுக்கு அவ்வளவு செஞ்சியே. உனக்கு அது ஒரு கஷ்டமாவே இருந்திருக்காதுல்ல?"

மாமனார் வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். புண்ணைத் துடைத்ததும் மலம் அள்ளியதும் அவள்தான். பெற்ற பெண்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். நாற்றம் போயிற்றா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வருகிறவர்களின் மூக்கைத்தான் பார்ப்பாள். ஒருவர் தலைப்பை முகத்துக்குக் கொண்டுபோனாலும், துவைத்த விரிப்பை மறுபடி வெந்நீரில் போடுவாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் யாருக்கோ போன் போட்டு அதே சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வருடமே மாமியார் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. தன் வீடு சின்னது என்று நாத்தனார் ஒப்புக்குக்கூடச் சாக்கு சொல்லவில்லை.

"அண்ணிக்குத்தான் எதுவும் தெரியாதே. எங்களால முடியுமா, சொல்லுங்க."

"கனம் தெரியும் எனக்கு," என்றாள் அவள்.



நாத்தனார் அம்மாவைப் பார்க்க வரும் நாட்களில் அண்ணனும் தங்கையும் கூடத்தில் சாப்பிட உட்காருவார்கள். உட்காரும் முன் அவன் அம்மா கிடக்கும் அறைக் கதவைச் சாத்திவிடுவான். ஒரு மதியம், மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து விரிப்பை உருவியவள், கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி வாளியை முட்டுக் கொடுத்தாள். அழுக்குத் துணியோடு கொல்லைப்பக்கம் நடந்தாள். மாமியார் சாத்தச் சொல்லவில்லை. தலையைத் திருப்பி, தட்டுக்கும் வாய்க்கும் நடுவே கை நின்றுபோன தன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.