டிசம்பரில் பூக்க வைத்த கொடி

இந்த டிசம்பர் வரை எங்கள் வீட்டு ரங்கூன் மல்லியை என் கணவர் பிராங்க்ளின் பூவோடு நேரில் பார்த்ததே கிடையாது. இத்தனைக்கும் நட்டவர் அவர்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால், கத்தாருக்குப் பிளேன் ஏற நாலு நாள் இருக்கும்போது, செம்பட்டி ரோட்டில் சனாவுல்லா பாய் வைத்திருக்கும் நர்சரியிலிருந்து முழ உயரச் செடி ஒன்றைக் கறுப்புப் பையில் கொண்டுவந்து கேட் தூணோரம் வைத்தார். அட்டையில் 'சைனீஸ் ஹனிசக்கிள்' என்று எழுதியிருந்தது.

"பேரு மட்டும் பெரிசா இருக்கு" என்றேன்.

"ஊருல ரங்கூன் மல்லிம்பாங்க. நான் அடுத்து வாரதுக்குள்ள மாடியத் தொட்டுரும் பாரு."

தொட்டுவிட்டது. அடுத்த வருஷமே மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் மொட்டுகள் வெள்ளையாக விரியும். விடிந்தால் ரோஸ் நிறம், அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். வாசம் அந்த வெள்ளைப் பூவுக்குத்தான், அதுவும் இருட்டுகிற நேரத்துக்குத்தான். நாகல் நகரில் நான் வேலை பார்க்கும் மெடிக்கலிலிருந்து திரும்பி வரும்போது தெரு திரும்பியதுமே என்னைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்துக்குச் சரியாகக் கத்தாரிலிருந்து போன் வரும். "இன்னிக்குப் பூத்திருக்கா?" என்பார். "பூத்திருக்கு, வாசமா இருக்கு" என்பேன். எத்தனை வருஷம் இதையே சொன்னேன்! படம் எடுத்து அனுப்பலாம், வீடியோவில் காட்டலாம். வாசத்தை எப்படி அனுப்புவது? போனைக் கொத்துக்குள் நுழைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். என் மகள் சத்யபிரியா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் அங்கே பிரியாணி மாஸ்டர். தொழிலாளர் கேம்ப்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கம்பெனி. கிறிஸ்துமஸை ஒட்டித்தான் லீவு தருவார்கள், அதுவும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை.

கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் தெருவில் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால், "புருஷன் பாரின்ல, வீட்ட பாரு" என்று சொல்ல அவருடைய சொந்தக்காரர்கள் ரெடியாக இருப்பார்கள். பெயிண்டர் முருகேசன் டிசம்பர் பத்தாம் தேதி வந்து நிற்பான். "கொடி இருந்தா பிரஷ் உள்ள போகாதுக்கா" என்று அரிவாளைக் கேட்பான். நானே எடுத்துக் கொடுப்பேன். பத்து நாள் கழித்து பிராங்க்ளின் வந்து இறங்குவார். சுவர் பளபளவென்று இருக்கும். தூணோரம் இரண்டு முழத்துக்குக் குச்சி நிற்கும். 2019இல் இப்படி, 2022இல் இப்படி. இரண்டு தடவையும் அவர் அந்தக் குச்சியைத் தடவிப் பார்த்து, "சரி விடு, அடுத்த லீவுல" என்றார். அவர் போன பிறகு நான் அழுதது பூவுக்காக மட்டும் இல்லை. ஊருக்குப் பயந்து வெட்டினேன் பாருங்கள், அந்த ஆத்திரம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

இந்த வருஷம் டிசம்பர் இருபதாம் தேதி வருகிறார் என்று தெரிந்ததும் ஆகஸ்டிலேயே சனாவுல்லா பாயிடம் போனேன். "பாய், டிசம்பர் இருபதுக்கு எனக்குப் பூ வேணும். கொடி முழுக்க வேணும்."

"வெட்டாமயே வச்சிருந்தீங்கன்னா எலையாத்தான் கெடக்கும்" என்றார் அவர். "புதுக் கெளையிலதாம்மா பூவே. செப்டம்பர் கடைசியில இடுப்பு ஒசரத்துக்குக் கவாத்து பண்ணிருங்க. பொறவு மழை பாத்துக்கிரும்."

திரும்பவும் அரிவாளா என்றிருந்தது. ஆனாலும் வெட்டினேன். தூரைக் கொத்தி மாட்டெரு போட்டேன். கடலைப் புண்ணாக்கை ஊற வைத்து வாரம் ஒரு தடவை ஊற்றினேன். நாற்றம் தாங்காமல் எதிர்வீட்டுச் சிவனம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். துளிர் வந்ததும் புழு வந்தது. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் இலை இலையாகப் புரட்டிக் கையாலேயே எடுத்தேன். பழைய புடவையைக் கிழித்துக் கேட் மேலிருக்கும் பைப் வளைவோடு புதுக் கிளைகளைக் கட்டிவிட்டேன்.

"வரப்போறது அப்பாவா, பிஷப்பா?" என்றாள் சத்யபிரியா.

டிசம்பர் முதல் வாரம் மொட்டு இறங்கியது. முருகேசன் வழக்கம்போல டப்பாவோடு வந்தான். வேண்டாம் என்றேன்.

"ஏக்கா, இந்த வருசம் அண்ணன் வரலையா?"

"வாராரு. அதான் வேணாம்."

இருபதாம் தேதி காலை பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து டாக்சி வந்தது. இறங்கியவர் அண்ணாந்து பார்த்தார். வளைவு முழுக்கச் சிவப்பும் ரோஸுமாகத் தொங்கியது. பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"அடேயப்பா! என்ன வாசம் செல்வி! தெருமுனையிலயே தூக்குது."

வெயில் ஏறிய பிறகு அந்தப் பூவில் வாசம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஆசைக்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பொய் எனக்குப் பிடித்தும் இருந்தது. நிஜ வாசத்தை இருட்டும்போது காட்டுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு டீ போடப் போனேன்.

சாயங்காலம் ஆறே முக்கால். வெள்ளைப் பூ அத்தனையும் விரிந்துவிட்டது. தெருவில் போன ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் உள்ளே போய் அவர் கண்ணை இரண்டு கையாலும் பொத்தி, செருப்பில்லாமல் நடத்திக் கூட்டிவந்து வளைவுக்குக் கீழே நிறுத்தினேன்.

"எங்க நிக்கிறீங்க, சொல்லுங்க பாப்போம்."

மூச்சை நன்றாக இழுத்தார். யோசித்தார். திரும்பவும் இழுத்தார்.

"அடுப்படியா? மீன் கொழம்பு வச்சிருக்கியா?"

கையை எடுத்தேன். ஒரு கொத்து அவர் நெற்றியில் இடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"திட்டாத செல்வி" என்றார்.

2021 மே மாதம். கேம்பில் மூன்று நாள் கொரோனாக் காய்ச்சல். காய்ச்சல் போயிற்று, வாசனை திரும்பி வரவில்லை. ஒரு மாசம் பார்த்திருக்கிறார், ஆறு மாசம் பார்த்திருக்கிறார். "கூட ரஃபின்னு ஒருத்தன் வேல பாக்குறான். தம்மு தொறக்கையில அவன்தான் மோந்து பாப்பான். அவன் தலையாட்டுனா எறக்குவேன். அப்படியே ஓடுது."

"கம்பெனிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அனுப்பிருவாங்கள்ல?"

"அனுப்பட்டுமே!"

நான் போட்ட சத்தத்தில் சிவனம்மாள் வீட்டு ஜன்னல் திறந்தது. திறந்தால் திறக்கட்டும். அந்த வருஷம் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "வாசம் தெரியுதா, ருசி தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டு மாத்திரை கொடுத்தவள் நான். புருஷனிடம் கேட்கவில்லை. போன லீவில் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அம்புட்டு மெத்தனமா?" என்று கத்தினேன். சிரித்துவிட்டு எழுந்து போனார்.

"ஒங்கிட்ட சொன்னா வரச் சொல்லுவ" என்றார் இப்போது. "எட்டுப் பேரு படுக்குற ரூம்ல போன வச்சுக்கிட்டு என்னத்தச் சொல்ல? வந்துதான் என்ன பண்ண? மூக்கு இல்லாத மாஸ்டர எவன் கூப்புடுவான்?"

வரச் சொல்லியிருப்பேன். அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஏழு வருஷமாக நான் எதற்காக ஏங்கிக் கிடந்தேனோ, அதற்கு ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை மூன்றரை வருஷமாக ஒளித்து வைத்திருக்கிறார் இந்த மனிதர். அடிக்கலாம் போல இருந்தது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு அவர் ஒரு பூவைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார்.

"எப்படி இருக்கு, சொல்லு."

ஏழு வருஷமாக 'வாசமா இருக்கு' என்பதைத் தாண்டி ஒன்றும் சொன்னதில்லை நான். இப்போது திணறினேன். "மொதல்ல கனிஞ்ச பழம் மாதிரி வருது. அப்புறம்... சத்யா பொறந்தப்ப அவ கழுத்துல பவுடர் போட்டு மோந்து பாப்பீங்கள்ல? அதுல கொஞ்சம்."

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க ரஃபி மோந்து சொல்றாருல்ல, இங்க நான் சொல்றேன்" என்றேன். "கடைய விட்டுட்டு வாரேன். ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்துன்னு ஆர்டர் எடுப்போம். தம்மு தொறக்கையில நான் நிக்கிறேன். நீங்க எறக்குங்க."

"ஜனவரி பன்னெண்டுக்கு டிக்கெட் போட்டிருக்கு செல்வி."

"தெரியும்."

அவர் எட்டி இன்னொரு வெள்ளைப் பூவைப் பறித்து என் மூக்குக்கு நேரே நீட்டி, "இது?" என்றார். அதே வாசம்தான். ஆனாலும் நான் வேறு ஒன்று சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் அடுத்ததைப் பறித்தார். பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.