தாம்பூலத் தட்டில் ஒரு கடற்படை

கீழக்குயில்குடியில் பாண்டியம்மாளின் கல்யாணப் பேச்சு எல்லாம் கூடிவந்து, கடைசியில் தாய்மாமன் பேயாண்டியின் மீசையில் முட்டிக்கொண்டு நின்றது. பாயின் நடுவே இரண்டு வீட்டுத் தாம்பூலத் தட்டுகளும் தயாராக இருந்தன. தாய்மாமன் சம்மதித்துத் தட்டு மாறினால் நிச்சயம். இல்லாவிட்டால் பேரையூர் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

"தம்பியக் குறை சொல்லலப்பா, வேலையத்தான் சொல்றேன்" என்றார் பேயாண்டி. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பம்புசெட்டு ரிப்பேர் பார்ப்பவர். "எழுபத்தொண்ணு சண்டையில நம்ம கப்பல் ஒண்ணு முங்கிப்போச்சுன்னு நானே ரேடியோவுல கேட்டேன். பாண்டியம்மா தகப்பன் இல்லாத புள்ள. இவளக் குடுத்துட்டு நெதம் ரேடியோ பக்கத்துல உக்காந்துருக்கணுமா?"

அடுப்படிக் கதவோரம் நின்ற பாண்டியம்மாளுக்கு அழுகை முட்டியது. பெண் பார்க்க வந்த அன்று, "உனக்கு இஷ்டமா?" என்று கேட்டது மாப்பிள்ளை சோணை ஒருவன்தான். வேறு யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

போர்க்கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் சோணை, பாயில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான்.

"முங்குச்சு மாமா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கப்பலு தனியாப் போறதில்ல. இந்தா பாருங்க."

"தட்டுல கை வைக்காதடா!" என்று அவன் தாய் மாயக்காள் பதறுவதற்குள் கடற்படை புறப்பட்டுவிட்டது. பேரையூர்த் தட்டு பம்பாய், மேற்குப் படை. பெண் வீட்டுத் தட்டு விசாகப்பட்டினம், கிழக்குப் படை. வாழைப்பழச் சீப்பு, வெள்ளைக்காரனிடம் வாங்கிய விமானம் தாங்கிக் கப்பல். கொட்டைப்பாக்கெல்லாம் ஏவுகணைப் படகுகள். மஞ்சள் கிழங்கை வெற்றிலைக்கு அடியில் செருகி, "இது நீர்மூழ்கி. ரஷ்யாவுல வாங்குனது. மேல இருந்து பாத்தாத் தெரியாது" என்றான். பேயாண்டி குனிந்து வெற்றிலையைத் தூக்கியே பார்த்துவிட்டார்.

"இந்த எலுமிச்சம்பழம் பம்பாய்ல நம்மாளுகளே கட்டுன போர்க்கப்பல்."

"நம்மாளுகளேவா?"

"ஆமா மாமா. உங்க தட்டுத் தேங்கா இருக்குல்ல, அது எண்ணெய்க் கப்பல். நடுக்கடல்லயே மத்த கப்பலுக்கெல்லாம் எண்ணெய் குடுக்கும். எழுபத்தொண்ணுல இந்தப் பெரிய கப்பல வங்காள விரிகுடாவுக்கு அனுப்புனாக" என்று சொல்லி, வாழைப்பழச் சீப்பைத் தூக்கிப் பெண் வீட்டுத் தட்டில் வைத்தான்.

பாண்டியம்மாளுக்குத் திக்கென்றது. மாப்பிள்ளை வீட்டுப் பழம் நம் தட்டுக்கு வந்தாயிற்று. பாதித் தட்டு மாறிவிட்டது! இனி இங்கிருந்து ஒன்று அந்தப் பக்கம் போக வேண்டும், அதுவும் மாமன் கையால். அவள் வெட்கத்தைத் தூர வைத்துவிட்டுத் தலையை நீட்டினாள்.

"மாமா, சின்னப் படகுக பம்பாய்லருந்து கராச்சி வரைக்கும் போச்சுன்னாகளே, எண்ணெய்க்கு என்ன செஞ்சுச்சுக?"

டீசல் தீர்ந்து பாதி வயலில் நின்றுபோன பம்புசெட்டுகளைப் பார்த்தே வயசானவர் பேயாண்டி. அவருக்குப் பொறுக்கவில்லை.

"அதானே! எண்ணெய்க் கப்பல இங்கிட்டு வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் எப்படிப்பா அனுப்புவ? என்ன ஆளுக நீங்க!" என்று தேங்காயை எடுத்துப் பேரையூர்த் தட்டில் டொக்கென்று வைத்தார்.

மாயக்காள் விட்டாள் ஒரு குலவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

பேயாண்டி தன் கையைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், பிறகு கதவோரம் பார்த்தார். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. கதவை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேங்காயை நோக்கிப் போன அவர் கை பாதியில் நின்றது. வாழைப்பழச் சீப்பில் ஒரு பழத்தைப் பிய்த்து, அதுவரை தம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தவனிடம் நீட்டினார்.

"கப்பலு தனியாப் போகாதுன்னு சொன்னேல்ல? எம்புள்ளையும் தனியா இருக்கக் கூடாது. பம்பாய்ல வீடு பாத்துட்டு எழுதுங்க, மாப்ள."