நிமுரா முடிதிருத்துநர் வீடியோவாக வெளிவந்த வருடம்

நிமுரா கோசாகு நடித்த ஒரே குறும்படத்தை யாராவது எங்காவது ஓட்டினால், படம் முடியும்வரை அவர் இருந்த இடத்தில் இருக்கமாட்டார், படத்துக்குள் இருப்பார். ஜப்பானியக் கணக்கில் ஷோவா நாற்பத்துநான்காம் வருடத்து, அதாவது 1969-இன், இலையுதிர் காலத்தில் டோக்கியோ மாணவர்கள் சிலர் எடுத்த படம் அது. ஓடும் நேரம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நாலரைப் பாய் விரிக்கும் அளவுள்ள வாடகை அறை ஒன்று பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு வானிலைக் காவலன் தன்னை மாற்றிவிட வரவேண்டிய ஆளுக்காகக் காத்திருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே தெரியும் நட்சத்திரங்கள் கறுப்புத் துணியில் ஒட்டிய அரிசி. மாற்று ஆள் வருவதில்லை, அவ்வளவுதான் கதை. படம் எடுத்த பிறகு நிமுரா நடிப்பை விட்டுவிட்டு, நுமாசு துறைமுகத்துக்குப் பின்னால் கருவாடு காயும் தெருவில் முடிதிருத்தகம் வைத்தார். கத்தி பிடிக்க உரிமம் வாங்கிய மசுயோவைக் கல்யாணம் செய்துகொண்டார். வருடத்துக்கு ஒருமுறை டோக்கியோவில் ஏதோ ஒரு காப்பிக் கடையில் ரசிகர்கள் கூடி அந்தப் படத்தைப் போடுவார்கள். போடும் நாளை முன்கூட்டியே தபாலில் தெரிவித்துவிடுவார்கள். அன்றைக்குக் கடையை மூடி, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார். போவார், வருவார். தெருவில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தது, இன்னொருவருக்குக் காது மந்தம், நிமுராவுக்கு இது.

ஷோவா அறுபத்தொன்றாம் வருடம் வசந்தத்தில் அந்தப் படம் வீடியோ நாடாவாக வெளிவந்தது. டோக்கியோவில் மாடி அறை ஒன்றில் நடந்த சின்ன நிறுவனம், அறுநூறு பிரதிகள் போட்டு வாடகைக் கடைகளுக்கு அனுப்பியது. யார் எப்போது போடுவார்கள் என்று இனித் தபாலில் தெரிவிக்க வழியில்லை. இடது காதில் நாடா சுற்றும் சத்தம் கேட்கும். நிமுரா உடனே வாடிக்கையாளரின் தலையிலிருந்து கையை எடுத்துவிடுவார், ஏனென்றால் கையில் பிடித்திருப்பது எதுவானாலும் கூடவே வந்துவிடும். அடுத்த நொடி நாற்காலிக்குப் பின்னால் ஆள் இருக்காது. மிச்சத் தாடியை மசுயோ மழித்து முடிப்பாள். சப்போரோவில் ஒருவர் இடைநிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போடப் போனார் என்றால், நிமுரா ஒரு காலைத் தூக்கியபடியே நிற்பார். ஐந்து நிமிடம் கழித்து இயந்திரம் தானாக ஓடத் தொடங்கினால்தான் கால் கீழே வரும். பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே பார்ப்பவர்களால் அவருக்குக் குமட்டல் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வீடுகளில் ஓடினால் ஒன்றில்தான் அவர் இருப்பார், மற்றதில் வெறும் அறை. ஆள் இல்லை என்று நிறுவனத்துக்குப் புகார்கள் போயின. அந்தப் புகார்களாலேயே நாடாவின் பெயர் பரவியது.

நுமாசு ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த வாடகைக் கடைக்கும் ஒரு பிரதி வந்தபோது, தெருவே முறை வைத்து எடுத்துப் பார்த்தது. மீன்கடை ஷியோபாரா மறுநாள் காலையில் முடிவெட்ட வந்து உட்கார்ந்தார்.

"மாஸ்டர், நேத்து உங்களப் பாத்தேன். வீட்டுக்காரி பாதியிலயே தூங்கிட்டா, நான் கடைசிவரைக்கும் பாத்தேன். நெஞ்ச அடைச்சிருச்சு போங்க. ஆனா தலை ஏன் அவ்வளவு நரைச்சுக் கெடக்கு?"

"நீங்க போட்டுப் பாக்கறதாலதான். குளிச்சிட்டிருந்தேன்யா! இடுப்புல துண்டோட நின்னேனே, தெரியலயா?"

"அடடா, அது துண்டா? விண்வெளி உடுப்புன்னுல்ல நினைச்சேன்!"

அதன்பிறகு, கடை திறந்திருக்கும் நேரத்தில் யாரும் அந்த நாடாவைப் போடக்கூடாது என்று தெருச் சங்கத்தில் முடிவாயிற்று. எல்லோரும் அதை மதித்தார்கள். ஆனால் ஒசாகாவுக்கும் நாகோயாவுக்கும் தெருச் சங்கத்தின் கட்டுப்பாடு செல்லவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது நிமுரா வீட்டில் இருந்த நேரத்தைவிட அந்த அறையில் இருந்த நேரம் அதிகமாகிவிட்டது. மசுயோ பெரிதாக எதையும் கேட்கவில்லை. புருஷனோடு உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வசந்தத்துக்குப் பிறகு அது ஒருமுறைகூட நடக்கவில்லை. சூப்பில் ஆவி அடங்குவதற்குள் எதிரே அவர் உட்காரும் மெத்தை காலியாகிவிடும். சிலசமயம் கிண்ணமும் சேர்ந்து போய்விடும். அவள் டோக்கியோ நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்த இளைஞன் மிகவும் பணிவாக, உங்கள் ஆதரவால் இரண்டாம் பதிப்பு தயாராகிறது என்று நன்றி சொன்னான்.

அன்று மாலை நிமுரா ஒரு இடைவெளியில் வந்து உட்கார்ந்தபோது, கடைசி நாள் படப்பிடிப்பில் என்ன நடந்தது என்று கேட்டாள். இயக்குநர் உடகாவா, நிமுராவுக்கு இரண்டு வயது மூத்தவர். படச்சுருள் தீர்ந்துபோய், வாங்கி வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. நிமுரா விளக்கை எரியவிட்டு இரண்டு நாள் காத்திருந்தார். பிறகு தானாகவே எழுந்து ஊருக்கு வந்துவிட்டார். மசுயோவுக்கு உடனே விளங்கிவிட்டது. கடையோ கப்பலோ படப்பிடிப்போ, வேலை முடிந்தால் மூத்தவர் 'ஒத்சுகரெசமா' என்று சொல்லியாக வேண்டும். நன்றாக உழைத்தீர்கள், களைத்திருப்பீர்கள், கிளம்பலாம் என்று அர்த்தம். அதைக் கேட்காமல் எழுந்து போனவனுக்கு வேலை முடிந்ததாக ஆகாது. இவருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

உடகாவா ஹமாமாத்சுவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடியும்வரை காத்திருக்கப் பொறுக்காமல், மசுயோ பயிற்சி வண்டியின் பின்சீட்டிலேயே ஏறிக்கொண்டாள். ஸ்டியரிங்கில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள்.

"அன்னிக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட கிளம்பலாம்னு சொன்னீங்களா, இல்லையா?"

உடகாவாவின் கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தது. "சார், நான் ஒண்ணுமே பண்ணலையே!" என்றாள் அந்தப் பெண்.

"சொல்லல," என்றார் உடகாவா. "சுருள் வாங்கற காசுல டிக்கெட் எடுத்து ஊருக்குப் போயிட்டேன். இன்னும் ஒரு ஷாட் பாக்கி இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டு அணிந்து, இனிப்புப் பெட்டியோடு அவர் நுமாசு வந்தார். முடிதிருத்தகத்தில் பாய் விரித்து, தொலைக்காட்சியை அதன்மேல் இறக்கி வைத்தார்கள். ஷியோபாராவும் வந்திருந்தார். தன் வீட்டில் இருப்பதாக நினைத்துக் காலை நீட்டியவர், கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டார். நாடாவைப் போட்டதும், சீப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த நிமுரா மறைந்து திரையில் வந்தார். உடகாவா தரையில் மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்து, பதினேழு வருடம் தாமதமாக அந்தச் சொல்லைச் சொன்னார். திரைக்குள் நிமுரா திரும்பினார். அந்தப் படத்தில் அவர் பார்வையாளர் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பின்னால், படத்தில் எப்போதும் மூடியே இருக்கும் கதவு ஓரடி திறந்தது. அதன் வழியாக முடிதிருத்தகத்தின் அடுக்களையும் அடுப்பில் இருந்த கெட்டிலும் தெரிந்தன. படம் முடிந்து வெளியே துப்பப்படாமல், நிமுரா அந்தக் கதவு வழியாகத் தானே நடந்து வந்துவிட்டால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும்.

நிமுரா நடக்கவில்லை. குனிந்து வணங்கினார்.

"அண்ணே, நீங்க இன்னும் இருக்கும்போது நான் எப்படி முதல்ல கிளம்பறது? நீங்க முதல்ல."

"ஐயோ, உன்னக் காக்க வச்சவன் நானு. நீ கிளம்பாம நான் எழுந்திருக்க மாட்டேன்."

"அது முறையாகாது, அண்ணே."

இவர் ஒரு அங்குலம் அதிகமாகக் குனிந்தால் அவர் இரண்டு அங்குலம் குனிந்தார். யாரும் தலையை முதலில் நிமிர்த்தவில்லை. அப்படியே படம் முடிந்து, நிமுரா கண்ணாடிக்கு முன்னால் வந்து விழுந்தார். மறுபடி போட்டார்கள், மறுபடியும் அதேதான். மூன்றாம் தடவை இருவருடைய நெற்றிகளும் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருந்தன. கெட்டில் கொதித்துக் கூவியது.

"ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் ஒரே ஒரு நிமிஷம் மரியாதை கெட்டவரா இருந்தா என்ன குடியா முழுகிப் போயிடும்?" என்று மசுயோ கத்தினாள்.

"அக்கா, வேற எதையாவது கேளுங்க," என்றார் ஷியோபாரா. "அது மட்டும் அவங்களுக்கு வராது."

உடகாவா கடைசி ரயிலுக்குப் போனார், அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டு. மறுநாள் மத்தியானம் மசுயோ சோறு, வறுத்த அயிலை மீன், முள்ளங்கி ஊறுகாய், தேநீர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கினாள். நிமுராவின் கை இடது காதுக்குப் போனது. வழக்கம்போல அவர் விலக எழுந்தார். அவள் தட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையை அவர் கைக்குள் திணித்தாள்.

"விடு, மாட்டிக்குவ," என்றார் அவர்.

"வெளிய இருந்து மட்டும் என்னத்தக் கிழிச்சேன்?" என்றாள் அவள்.

அறை திரையில் தெரிவதைவிடச் சின்னதாக இருந்தது. மண்ணெண்ணெய் வாடை அடித்தது. ஒரு பக்கம் மட்டும் சுவருக்குப் பதிலாக இருட்டு. அதற்கு அப்பால் யாரோ மூச்சுவிடுவதும் பொரி தின்பதும் கேட்டது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒசாகாவில் முடிந்தால் கோபேயில் தொடங்கியது, கோபேயில் முடிவதற்குள் செண்டாயில். மீனின் முள்ளை அவள் நிதானமாகப் பிரித்தாள். சோற்றை முடித்து, ஊறுகாயை முடித்து, தேநீர் குடித்து, பல்லும் குத்தினார்கள். யாரும் மறையவில்லை. மசுயோ கொஞ்சம் அழுதாள் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த இடத்தில் எல்லா நாடாக்களிலும் படம் சற்று மங்கலாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நிமுரா கையை எடுப்பதை நிறுத்திவிட்டார். சத்தம் கேட்டாலும் வாடிக்கையாளரின் முடியைப் பிடித்தபடியே வெட்டிக்கொண்டிருப்பார். மசுயோவும் சேர்ந்து மூவருமாகப் போவார்கள், முடிவெட்டி முடிந்ததும் ஏதாவது ஒரு இடைவெளியில் திரும்புவார்கள். முதலில் போய்வந்த ஷியோபாரா, அங்கே வெயிலடிப்பதில்லை, ஈ இல்லை என்று பாராட்டினார். நாற்காலி அங்கேயே போயிற்று, கண்ணாடி போயிற்று, குளிர்காலத்தில் அடுப்பும் போயிற்று. டோக்கியோ ரசிகர்கள் ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு தலைகளைப் பார்த்து விவாதித்தார்கள். உடகாவா ஞாயிறுதோறும் வந்து நெற்றியைப் பாயில் வைத்தார். ஒவ்வொரு தடவையும் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும், பிறகு சாத்துவார் இல்லாமல் அப்படியே கிடக்கும்.

மறு வருடம் உரிமம் புதுப்பிக்கும் சமயத்தில் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். காலியாகக் கிடந்த கடையைப் பார்த்துவிட்டு, வாடகைக் கடைக்குப் போய் நாடாவைப் போடச் சொன்னார். சீப்புகள் கிருமிநாசினியில் கிடந்தன. துண்டுகள் சுத்தமாக இருந்தன. நிமுரா ஒரு பள்ளி ஆசிரியரின் பிடரியை மழித்துக்கொண்டிருந்தார். வெளியேறும் வழி எங்கே என்று மட்டும் அலுவலர் திரையைப் பார்த்துக் கேட்டார். கூட்டிக்கொண்டிருந்த மசுயோ நிமிர்ந்து, துடைப்பத்தால் கதவைக் காட்டினாள். அது திறந்துதான் இருந்தது. அலுவலர் உரிமத்தில் முத்திரை குத்தினார்.